மெரூன் நூலும் ஒன்பது வாட் பல்பும்

மெரூன் ரவிக்கைக்குக் காப்பி நிற நூலில் கை ஓரம் மடித்துத் தைத்துக் கொடுத்துவிட்டேன். முப்பது ஆண்டுகளாகத் தையல் மெஷின் மிதிப்பவளுக்கு இந்த அவமானம் 2023 தீபாவளிக்கு ஒன்பது நாள் இருக்கும்போது நேர்ந்தது. ரவிக்கைக்காரி வாசலுக்குப் போய் வெயிலில் பிரித்துப் பார்த்தாள். "அக்கா, இது என்ன கலர்?" என்றாள். உள்ளே கொண்டுவந்தால் நூலும் துணியும் ஒரே நிறம். வாசலுக்குப் போனால் வேறு வேறு.

கண்ணைச் சந்தேகப்பட்டு, பிறகு விளக்கைச் சந்தேகப்பட்டேன். தையல் அறைக் குழல்விளக்கு எத்தனை ஸ்டார்ட்டர் மாற்றியும் கண் சிமிட்டிக்கொண்டே இருந்ததால், மலேசியாவின் சுங்கை சிப்புட் இரவுச் சந்தையான பாசார் மாலாமில் பத்து வெள்ளிக்கு (ரிங்கிட்) மூன்று என்று விற்ற எல்இடி பல்பை வாங்கி மாட்டியிருந்தேன். டப்பாவில் தரச் சான்றான சிரிம் ஸ்டிக்கர் இருக்கிறதா என்றுகூடப் பார்க்கவில்லை. மலிவு என்றால் எனக்குக் கை தானாக நீளும்.

அக்காள் மகன் கூலிமில் எல்இடி சில்லு செய்யும் தொழிற்சாலையில் வேலை செய்கிறான். போனில் சொன்னதும் சிரித்தான். "சித்தி, உள்ளே இருப்பது நீல விளக்கு. மேலே பாஸ்பர் என்ற மஞ்சள் ஒளிர்பொடி பூசி வெள்ளையாகக் காட்டுகிறார்கள். மட்டமான பூச்சு என்றால் சிவப்பு போதாது. மெரூனில் சிவப்பை எடுத்துவிட்டால் மிச்சம் என்ன? காப்பிதான்." அந்த நீலத்தைக் கண்டுபிடித்ததற்காகத்தான் 2014இல் மூன்று பேருக்கு நோபல் பரிசு என்றும் சேர்த்துச் சொன்னான். எனக்கு ரவிக்கைக் கூலி போன கவலை. "டப்பாவில் சிஆர்ஐ என்று ஓர் எண் இருக்கும். நிறத்தை எவ்வளவு உண்மையாகக் காட்டும் என்பதன் அளவு அது. 80க்குக் கீழே இருந்தால் தொடாதீர்கள். தையலுக்கு 90 கிடைத்தால் நல்லது" என்றான்.

மறுநாள் மெரூன், காப்பி என்று இரண்டு நூல்கண்டுகளைக் கைப்பையில் போட்டுக்கொண்டு பெரிய சாலையில் உள்ள மின்சாதனக் கடைக்குப் போனேன். தவுக்கே, அதாவது சீனக் கடை முதலாளி, தமிழ் நன்றாகப் பேசுவார். தோட்டத்துச் சனங்களுக்கு விற்றே பழகிய தமிழ். அவர் கடைச் சுவரில் ஒரு பலகை, அதில் வரிசையாக ஹோல்டர்கள். கேட்கிற பல்பையெல்லாம் அதில் மாட்டி எரியவிட்டுக் காட்டுவார். நான் ஒவ்வொன்றின் கீழும் இரண்டு கண்டுகளையும் பிடித்துப் பார்த்தேன். பின்னால் இருவர் காத்திருந்தார்கள். தவுக்கே முகம் சுளிக்கவில்லை. 6500கே (நீலம் கலந்த வெள்ளை) என்று போட்ட ஒரு பல்பில் இரண்டும் அண்ணன் தம்பிபோல் நின்றன. சிஆர்ஐ 90 போட்ட, சற்று இதமான வெள்ளையான 4000கே ஒன்பது வாட் பல்பை மாட்டினார். மெரூன் சட்டென்று மெரூன் ஆனது. அதற்கு 22 வெள்ளி. வீட்டுக் குழல்விளக்குகளுக்குப் பதிலாக 18 வாட் எல்இடி குழல் நான்கு, ஒன்று 14 வெள்ளி. மொத்தம் 78 வெள்ளி.

மாட்ட வந்த தம்பி பழைய குழல்களின் சோக்குகளைக் கழற்றிவிட்டு நேராக இணைத்தான். அணைத்த பிறகும் மெஷின் மேல் உள்ள பல்பு மின்மினிபோல் மங்கலாக எரிந்தது. அம்மா திருநீறு எடுத்துவரப் போய்விட்டார். தம்பி டெஸ்டரை வைத்துப் பார்த்து, பழைய வயரிங்கில் சுவிட்சை மின்சாரம் வரும் வயரில் போடாமல், திரும்பிப் போகும் நியூட்ரல் வயரில் போட்டிருக்கிறார்கள் என்று கண்டுபிடித்தான். அணைத்தாலும் ஹோல்டரில் மின்சாரம் நிற்கும், கை வைத்தால் அடிக்கும் என்றான். இத்தனை ஆண்டுகள் அந்த ஹோல்டரில்தான் ஈரக்கையோடு பல்பு மாற்றியிருக்கிறேன். வயரை மாற்றிப் போட்டதற்கு 50 வெள்ளி கேட்டான். பேரம் பேசாமல் கொடுத்தேன்.

மின்கட்டணம் பாதியாகிவிடும் என்று சொல்பவர்களை நம்ப வேண்டாம். பழைய குழல் 36 வாட், சோக் தின்பதையும் சேர்த்தால் ஏறக்குறைய 45. எல்இடியில் ஒரு குழலுக்கு 27 வாட் மிச்சம். தையல் அறையில் இரண்டு, நாளுக்கு எட்டு மணி நேரம். கூடத்திலும் அடுப்படியிலும் ஒவ்வொன்று. கணக்குப் போட்டால் மாதம் 20 யூனிட். எங்கள் வீடு 200 யூனிட்டைத் தாண்டிவிடும் என்பதால், அப்போது யூனிட்டுக்கு 33.40 காசு. ஆக மாதம் ஆறே முக்கால் வெள்ளிக்குச் சற்றுக் குறைவு. போட்ட பணம், வயரிங் கூலியை விட்டுவிட்டால், ஓர் ஆண்டில் திரும்பியது. பழைய குளிர்பெட்டி தின்பதை இந்த விளக்குகளால் ஈடுகட்ட முடியாது.

ஆனால் வெளிச்சம் பொத்தானை அழுத்தியதும் வருகிறது. நான் பிறந்த தோட்டத்து லயத்தில் (தொழிலாளர் வரிசை வீடுகளில்) இரவு பத்து மணிக்கு மின்சார எஞ்சினை நிறுத்திவிடுவார்கள். அதற்குப் பிறகு மண்ணெண்ணெய் விளக்கில்தான் அம்மா சட்டைக்குப் பொத்தான் தைப்பார். இப்போது எண்பது வயதில் ஊசியில் அவரே நூல் கோக்கிறார். மழை விட்டதும் கூடத்துக்குள் மொய்க்கிற ஈசலும் முன்னைவிடக் குறைவு.

தவுக்கேயிடம் எனக்கு ஒரு மனக்குறை. பிறகு வாங்கிய குளியலறைப் பல்பு ஐந்தே மாதத்தில் போய்விட்டது. ஓர் ஆண்டு உத்தரவாதம் என்றவர், ரசீதும் டப்பாவும் இல்லாமல் மாற்றித்தர மாட்டேன் என்றார். டப்பாவில் ஊசி போட்டு வைத்திருந்தேன், ரசீதைக் காணோம். மூடிய கண்ணாடிக் கிண்ணத்துக்குள் போட்டால் சூடு வெளியேறாமல் எல்இடி சீக்கிரம் சாகும் என்று அப்போதுதான் சொன்னார். விற்கும்போது சொல்லியிருக்கலாம்.

கழற்றிய பழைய குழல்கள் நான்கும் இன்னும் அலமாரிக்குப் பின்னால் சாய்ந்து நிற்கின்றன. எங்கே கொடுப்பது என்று கேட்டதற்கு, "குப்பை லாரியில் போடுங்கள், அம்மா" என்றார் தவுக்கே. உள்ளே பாதரசம் இருக்கிறது, உடைக்கக் கூடாது என்று அக்காள் மகன் எச்சரித்திருக்கிறான். ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் பெருக்கும்போது துடைப்பம் படாமல் சுற்றிப் பெருக்குகிறேன்.