பாங்காக் பேக்கேஜுக்கு முன்பணம் கட்டுவதற்கு முன்

பாங்காக்கிற்குக் குடும்பத்துடன் சில நாள் சென்றுவர எண்ணி, குறைந்த விலைப் பேக்கேஜ்களை ஒப்பிட்டுக்கொண்டிருப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். 2025 செப்டம்பரில், காலாண்டு விடுமுறையை ஒட்டி, சென்னையில் உள்ள ஒரு பயண முகவர் வழியாக மனைவி, மகள், எழுபதைக் கடந்த என் தந்தை ஆகியோருடன் அங்கே சென்றேன். அந்த நகரம் என்றாலே துக்-துக் ஓட்டுநரைப் பற்றியும் தெருவில் வலிய வந்து பேச்சுக் கொடுப்பவரைப் பற்றியும்தான் எல்லோரும் எச்சரிப்பார்கள். எங்கள் பணத்தையும் அதைவிட அரிதான அரைநாளையும் எடுத்துக்கொண்டவர்களோ, எங்கள் பெயர் எழுதிய அட்டையைப் பிடித்தபடி, நாங்களே பணம் கட்டி ஏற்பாடு செய்த குளிரூட்டிய வேனில் வந்தார்கள்.

முதல் ஏமாற்று சென்னையிலேயே நடந்துவிட்டது. பேக்கேஜ் தொகைக்கு மேல், 'விசா மற்றும் ஆவணக் கட்டணம்' என்ற பெயரில் தலைக்கு 2,500 ரூபாய் வாங்கினார்கள். இந்தியக் கடவுச்சீட்டு வைத்திருப்பவர்களுக்குத் தாய்லாந்து 2023 நவம்பரில் விசா இல்லாத நுழைவை நடைமுறைக்குக் கொண்டுவந்து, 2024 ஜூலையில் தங்கும் காலத்தை 60 நாளாக உயர்த்தியிருந்தது. நாங்கள் சென்ற நாளில் விசாவே கிடையாது. இதைக் கேட்டபோது, அது டிஜிட்டல் வருகை அட்டைக்கான தொகை என்றார்கள். அந்த அட்டை 2025 மே 1 முதல் கட்டாயம் என்பது உண்மைதான். ஆனால் தாய்லாந்து குடிவரவுத் துறையின் தளத்தில், போய்ச்சேர்வதற்கு முந்தைய மூன்று நாள்களுக்குள் அதை எவரும் இலவசமாகவே நிரப்பலாம். கடவுச்சீட்டு எண், விமான எண், தங்கும் விடுதி ஆகியவற்றைத் தவிர அதில் கேட்பதற்குப் பெரிதாக ஒன்றுமில்லை. இதே அட்டைக்காகப் பணம் பிடுங்கும் போலித் தளங்களும் உள்ளன; தளத்தின் முகவரி 'ஜிஓ டாட் டிஎச்' (.go.th) என்று முடிகிறதா என்று பார்த்துக்கொள்ள வேண்டும். விசா விதிகள் மாறக்கூடியவை என்பதால், டிக்கெட் எடுக்கும் முன் தூதரகத் தளத்தையும் ஒருமுறை பார்த்துவிடுவது நல்லது.

இந்தப் பயணத்தில் என் தந்தைக்கு இருந்த ஒரே ஆசை, பெரிய அரண்மனை வளாகத்தில் மரகத புத்தர் கோவிலைச் சுற்றியுள்ள திருச்சுற்றுச் சுவரில் 178 பகுதிகளாகத் தீட்டப்பட்டிருக்கும் இராமாயண ஓவியங்களைப் பார்ப்பது. கம்பனில் ஊறியவர் அவர். முகவரின் அலுவலகத்தில் அவரை உடன் வைத்துக்கொண்டே இதைச் சொன்னோம், "அரண்மனை இல்லாத பாங்காக் டூரா சார்? முதல் அயிட்டமே அதுதான்" என்றார் அங்கிருந்தவர். பயண நிரலின் இறுதி வடிவம் வவுச்சராக எங்கள் கைக்கு வந்ததோ, விமானம் ஏறுவதற்கு முந்தைய இரவில். அதில் நகரச் சுற்றுலா என்ற தலைப்பின் கீழ் வாட் திரைமித் கோவில், பளிங்குக் கோவில், ஜெம்ஸ் கேலரி என்னும் ரத்தினக் கடை என மூன்று இடங்கள் வரிசையாக இருந்தன. அரண்மனைக்கு நேராக 'நேரம் அனுமதித்தால்' என்று சிறிய எழுத்தில் அச்சிட்டிருந்தார்கள். தொலைபேசியில் அழைத்தால், அது வழக்கமாகப் போடும் வாசகம், கவலைப்பட வேண்டாம் என்ற பதில் கிடைத்தது.

வாட் திரைமித்தும் பளிங்குக் கோவிலும் குறைந்த இடங்கள் அல்ல. முதலாவதில் ஐந்தரை டன் எடையுள்ள பொன் புத்தர் இருக்கிறார். நெடுங்காலம் சுண்ணப் பூச்சுக்குள் மறைந்திருந்த அந்தச் சிலையை 1955இல் இடம் மாற்றியபோது பூச்சு உடைந்துதான் உள்ளே பொன் இருப்பது தெரிந்தது. ஆனால் இவை ஏன் பேக்கேஜ்களில் தவறாமல் இடம்பெறுகின்றன என்பதற்கு எனக்குத் தோன்றும் காரணம் வேறு. அரண்மனைக்கு வெளிநாட்டவரிடம் வாங்கும் நுழைவுக் கட்டணம் 500 பாட், நாங்கள் சென்றபோதைய மதிப்பில் ஏறக்குறைய 1,400 ரூபாய். மற்ற இரண்டு இடங்களின் கட்டணம் அதில் ஒரு சிறு பங்குதான். அரண்மனையை முழுதாகப் பார்க்க இரண்டு மூன்று மணி நேரம் ஆகும், கடைக்குப் போக நேரம் இருக்காது. அதை விட்டுவிட்டால் செலவும் மிச்சம், கடை தரும் கமிஷனுக்கும் வழி.

பளிங்குக் கோவிலிலிருந்து வேன் கிளம்பியதும், அன்று ஏதோ புத்த சமயச் சடங்கு இருப்பதால் அரண்மனை பிற்பகல்வரை மூடியிருக்கும் என்றார் வழிகாட்டி. பாங்காக்கில் பல பத்தாண்டுகளாகப் புழங்கும் பொய் இது. அரண்மனையைச் சுற்றியுள்ள மதிலின் நீளம் ஏறத்தாழ 1.9 கிலோமீட்டர், பயணிகள் நுழையும் வாயில் வடக்கே நா பிரா லான் சாலையில் இருக்கிறது. தெற்கிலிருந்து நடந்து வருபவர் வழியெல்லாம் சாத்திய கதவுகளையே காண்பதால், அங்கே நின்றுகொண்டு 'இன்று விடுமுறை' என்று சொல்பவரை நம்பிவிடுகிறார். பிறகு 20 பாட்டுக்கு நகரைச் சுற்றிக் காட்டுவதாக ஒரு துக்-துக் வரும், அது ரத்தினக் கடையிலோ தையற்கடையிலோ போய் நிற்கும். அரச நிகழ்ச்சிகளுக்காகச் சில பகுதிகளை எப்போதாவது அடைப்பது உண்டு என்றாலும், அரண்மனை நாள்தோறும் காலை 8.30 முதல் பிற்பகல் 3.30 வரை திறந்திருக்கும். தெருவில் நிற்பவன் சொல்லும் அதே வாசகத்தை, நாம் பணம் கொடுத்து அமர்த்திய வழிகாட்டியே சொல்லும்போது மறுப்பது கடினம். வண்டி அவர் கையில் இருக்கிறது. தாய்லாந்தில் வழிகாட்டிகள் அரசு உரிமம் பெற்று அதன் அட்டையை அணிந்திருக்க வேண்டும். இவர் கழுத்தில் நிறுவனத்தின் அட்டை மட்டுமே தொங்கியது.

ரத்தினக் கடையின் வாசலில் எங்கள் ஒவ்வொருவரின் சட்டையிலும் எண் அச்சிட்ட ஒட்டுத்தாள் ஒன்றை ஒட்டினார்கள். எந்த வேனில் வந்தவர், யாருக்குக் கமிஷன் என்று கணக்கு வைப்பதற்குத்தான் அது என்பது, பணம் செலுத்துமிடத்தில் முதலில் அந்த எண்ணைக் குறித்துக்கொண்டதைப் பார்த்தபோது விளங்கியது. சில்லென்று பழச்சாறு, சுரங்கங்களைப் பற்றிய குறும்படம், விளக்கு வெளிச்சத்தில் கல் தீட்டும் தொழிலாளர்களின் வரிசை என ஒவ்வொன்றாகக் கடந்தபின், கால்பந்துத் திடலில் பாதி இருக்கக்கூடிய ஒரு கூடத்தில் கொண்டுபோய் விட்டார்கள். அங்கே ஒவ்வொரு குடும்பத்துக்கும் ஒரு விற்பனையாளர். எங்களுக்கு வந்தவர் நன்றாகத் தமிழ் பேசினார். "அம்மா, இது பர்மா மாணிக்கம், ஊர்ல இந்த விலைக்குக் கனவுல கூடக் கிடைக்காது" என்று என் மனைவியிடம் ஆரம்பித்தவர், நாங்கள் எதையும் வாங்கப்போவதில்லை என்று தெரிந்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டார். வெளியேற வேண்டுமானால் வெள்ளி நகை, தோல்பை, உலர்பழம் என்று வேறு பகுதிகளையும் கடந்தே போக வேண்டும். வெளியே வந்தால் வேன் இல்லை. குழுவில் எல்லோரும் முடித்தபிறகே வரும் என்றார் வழிகாட்டி. என் தந்தை வாசலில் இருந்த ஒரு திண்டில் அமர்ந்து கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தார். அரண்மனையில் சீட்டு கொடுப்பதை நிறுத்தும் நேரம் அங்கேயே கழிந்தது.

எங்கள் வேனில் வந்த மதுரைத் தம்பதியர் அங்கே ஒரு மாணிக்கப் பதக்கம் வாங்கினார்கள். ஊர் திரும்பியபின் நகைக்கடையில் சோதித்ததில், அது விரிசல்களில் ஈயக் கண்ணாடி நிரப்பிச் செம்மைப்படுத்திய கல் என்று தெரிந்தது. இத்தகைய கற்கள் முற்றிலும் போலியானவை அல்ல, அதுதான் சிக்கல். மதிப்புக் குறைந்த கல்லின் பிளவுகளில் கண்ணாடியை உருக்கி இறக்கினால் அது பளபளப்பாகிவிடும். உருப்பெருக்கியில் பார்த்தால் உள்ளே நுண்ணிய காற்றுக் குமிழிகள் தெரியும். பதக்கத்தைத் திருத்தப் பொற்கொல்லர் நெருப்பில் காட்டினாலோ, எலுமிச்சைச் சாறு போன்ற அமிலம் பட்டாலோ கண்ணாடி கெட்டுப்போகும். கடை கொடுத்த சான்றிதழில் 'இயற்கை மாணிக்கம்' என்று இருந்ததே தவிர, இந்தச் செம்மைப்படுத்தல் பற்றி ஒரு சொல்லும் இல்லை. கல் வாங்கியே தீர வேண்டும் என்பவர்களுக்கு, தாய்லாந்து அரசு சார்ந்த ரத்தின, நகை ஆய்வு நிறுவனம் பாங்காக்கிலேயே இருக்கிறது. கடையின் சொந்தச் சான்றிதழை ஒரு பொருட்டாகக் கொள்ள வேண்டாம்.

மறுநாள் மாலை 'விருப்பச் சுற்றுலா' என்று சிலோம் சாலையில் உள்ள மகா மாரியம்மன் கோவிலுக்குத் தலைக்கு 400 பாட் கேட்டார்கள். பத்தொன்பதாம் நூற்றாண்டில் அங்கே குடியேறிய தமிழர்கள் கட்டிய கோவில் அது. நுழைவுக் கட்டணம் எதுவும் கிடையாது. அம்மனைக் கும்பிடுவதற்கும் கமிஷன் வைக்கத் துணிந்தவர்களிடம் இனி எதைப் பேசுவது என்று, அன்றோடு அந்த வேனை விட்டுவிட்டோம்.

ஊர் திரும்பும் நாளில், விமானம் இரவில்தான் என்பதால், காலையிலேயே மெட்ரோவில் சனாம் சாய் நிலையத்துக்குச் சென்றோம். 2019இல் திறக்கப்பட்ட அந்த நிலையமே அரச மண்டபம்போல் தூண்களுடன் இருக்கிறது. அங்கிருந்து வாட் போ கோவிலைக் கடந்து வடக்கே நடந்தால் அரண்மனையின் வாயில். வழியில் இரண்டு பேர் 'மூடியிருக்கிறது' என்று சொன்னார்கள், நிற்காமல் நடந்தோம். சீட்டு வாங்கும்போது விசாரித்ததில், வழிகாட்டி சொன்ன நாளில் வழக்கம்போலத் திறந்தே இருந்ததாகச் சொன்னார்கள். தோளும் காலும் மூடிய உடை வேண்டும். புடவைக்கும் சுடிதாருக்கும் தடையில்லை. பிற்பகலில் 46 மீட்டர் நீளமுள்ள சயன புத்தரை வாட் போவில் பார்த்துவிட்டு (கட்டணம் 300 பாட்), தா தியன் துறையில் 5 பாட் கொடுத்துப் படகில் ஆற்றைக் கடந்து வாட் அருண் கோவிலுக்கும் சென்றோம். பேக்கேஜில் நகரச் சுற்றுலாவுக்கென்று எங்களிடம் வாங்கிய தொகையைவிட, மூன்று நுழைவுக் கட்டணமும் போக்குவரத்தும் சேர்ந்தே குறைவாகத்தான் ஆயின.

ஆகவே முகவரிடம் பேசும்போது, பார்க்கப்போகும் ஒவ்வோர் இடத்தின் பெயரும், அதன் நுழைவுக் கட்டணம் சேர்ந்ததா இல்லையா என்பதும், கடைகளில் எத்தனை நிறுத்தம் என்பதும் முன்பணத்துக்கு முன்பே எழுத்தில் வேண்டும் என்று கேளுங்கள். வாட்ஸ்அப்பில் அனுப்பினாலும் போதும். மறுப்பவரிடம் விமானமும் விடுதியும் மட்டும் எடுத்துக்கொண்டு, நகருக்குள் நீங்களே சுற்றலாம். அங்கே சிக்கல் வந்தால் சுற்றுலாக் காவல்துறையின் எண் 1155.

திரும்பி வந்து கேட்டதற்கு, "அங்கே எல்லாம் லோக்கல் ஆபரேட்டர் கையில் சார், நாங்க என்ன பண்ண முடியும்?" என்றார் முகவர். பணம் வாங்கியது அவர், ரசீதில் இருப்பது அவர் முத்திரை. தேசிய நுகர்வோர் உதவி எண் 1915இல் புகார் பதிந்தபின் ஆவணக் கட்டணத்தை மட்டும் திருப்பித் தந்தார். நகரச் சுற்றுலாவுக்கு ஒரு ரூபாயும் தர மறுக்கிறார். 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நாம் குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்குத் தொடுக்கலாம், செலுத்திய தொகை ஐந்து லட்சத்துக்குள் இருந்தால் கட்டணமும் இல்லை, இரண்டு ஆண்டு அவகாசமும் உண்டு. ரசீது, வவுச்சர், அரண்மனை நுழைவுச்சீட்டு, வாட்ஸ்அப் உரையாடல் ஆகியவற்றின் நகல்களை இணைத்து மனுவைக் கொடுத்திருக்கிறோம். மதுரைத் தம்பதியரும் தங்கள் மாவட்டத்தில் தனியாக ஒன்று கொடுத்திருக்கிறார்கள்.