வட்டாரச் சட்ட நிறுவனத்தில் இரண்டாண்டுப் பயிற்சி: என் மதிப்புரை

இங்கிலாந்தின் யார்க்‌ஷயரில், ஏறத்தாழ நாற்பது பேர் பணிபுரியும் ஒரு சட்ட நிறுவனத்தில் சொலிசிட்டர் (கட்சிக்காரருக்கு ஆலோசனை சொல்லி ஆவணங்களைக் கவனிக்கும் வழக்கறிஞர்) பயிற்சியை முடித்தவன் என்ற முறையில், இதே வழியை எண்ணிப் பார்ப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

ஆறு மாதத்திற்கு ஒரு துறை என நான்கு துறைகளில் அமர்த்தினார்கள். அவற்றுள் வீடு வாங்கல் விற்றலைக் கவனிக்கும் பிரிவே எனக்கு மிகுதியாகக் கற்றுத்தந்தது. முதல் வாரத்திலேயே, நிலப்பதிவகத்தின் வரைபடத்தில் மனையைச் சுற்றியிருந்த சிவப்புக் கோட்டின்மேல் பென்சிலை வைத்து, "பின்வாசலுக்குச் செல்லும் பாதை கோட்டுக்கு வெளியே இருக்கிறதே, வாங்குபவர் எந்த உரிமையில் அதில் நடப்பார்?" என்று மேற்பார்வையாளர் கேட்டார். அன்று மாலை முழுவதும் பழைய பத்திரங்களைப் புரட்டி அந்த வழியுரிமையைக் கண்டெடுத்தேன். ஒரு கோப்பைத் தொடக்கம் முதல் சாவி கைமாறும் நாள்வரை பயிற்சியாளரே கொண்டுசெல்ல விடுவதுதான், என் கணிப்பில், இத்தகைய நிறுவனத்தின் பெரும் பலம்.

குறையும் உண்டு. குடும்பச் சட்டப் பிரிவில் மேற்பார்வையாளர் விடுப்பில் இருந்த ஏழு வாரங்களும் என் கடிதங்களைச் சரிபார்க்க ஆளில்லை. மணமுறிவின் நடுவில் தவிக்கும் கட்சிக்காரருக்கு இது நியாயமே அல்ல.

சொலிசிட்டராகத் தகுதிபெற எழுதும் எஸ்.க்யூ.இ. தேர்வு 2021 முதல் நடைமுறையில் இருப்பதால், அதன் முதற்கட்டத்தின் 360 கேள்விகளுக்குப் படிக்கச் சம்பளத்துடன் விடுப்பு உண்டா, தேர்வுக் கட்டணத்தை யார் ஏற்பார்கள் என்பதைச் சேருமுன்பே எழுத்தில் பெற்றுக்கொள்ளுங்கள். எனக்கு இரண்டையும் கொடுத்தார்கள்.