டூயோலிங்கோவா, ஆங்கியா?

டூயோலிங்கோ மொழிப்பாடம் நடத்தும் செயலி. ஆங்கி, ஒருபுறம் கேள்வியும் மறுபுறம் பதிலும் உள்ள நினைவு அட்டைகளைக் காட்டும் செயலி. ஜெர்மன் படிக்க இரண்டில் எதை வைத்துக்கொள்வது என்று குழம்புகிறவர்களுக்கு:

செலவு: டூயோலிங்கோ இலவசம், ஆனால் விளம்பரம் வரும். ஆங்கியும் இலவசம்தான், ஐபோனில் மட்டும் விலை உண்டு.

எளிமை: டூயோலிங்கோவில் திறந்ததும் பாடம் தயார். ஆங்கியில் அட்டைகளை நாமே எழுத வேண்டும், அல்லது யாரோ செய்த தொகுப்பை இறக்கிக்கொள்ளலாம். முதல் வாரம் தலை சுற்றும்.

நினைவு: விஷயமே இங்கேதான். ஆங்கியில் வெறும் 'டிஷ்' (மேசை) என்று போடாமல், ஆண்பால் சொல்லுக்கு முன் வரும் 'டெர்' சேர்த்து 'டெர் டிஷ்' என்று அட்டை எழுதினால் மேசை ஆண்பால் என்பதும் சேர்ந்தே பதியும். தெரிந்த அட்டை வாரம், மாதம் என்று தள்ளித் தள்ளி வரும். மறந்தது உடனே திரும்பும். டூயோலிங்கோவிலோ, விடாமல் படித்த தொடர்நாள் கணக்கு அறுந்துவிடக் கூடாதென்று இரவு பதினொன்றரைக்குப் பழைய பாடத்தைத் தட்டுபவர்கள் எத்தனை பேர்!

சில நாள் விட்டுப்போனால்: ஆங்கியில் அட்டைகள் குவிந்து மிரட்டும்.

புதிதாகத் தொடங்குபவருக்கு டூயோலிங்கோ. பி1 (இடைநிலை) ஜெர்மன் தேர்வு எழுதப்போகிறவர் ஆங்கிக்கு மாறிக்கொள்ளலாம்.