திரும்பப் போய் எடுக்கிறதா, எடுத்ததையே திருத்திறதா?

படம் எடுக்கச் சொல்லித்தாற சேர் என்ர இரணைமடுக் குளத்துப் படம் 12ஐயும் பாத்திட்டு ரெண்டே விசயம்தான் சொன்னவர், வானம் வெள்ளையா எரிஞ்சுபோச்சு, வலை இழுக்கிற ஐயான்ர முகம் இருட்டு.

முதல்ல லைட்ரூமில (படம் திருத்திற மென்பொருள்) இருந்து பாத்தன். செலவில்லை, வீட்டிலயே செய்யலாம். ரோ பைல் (கமரா பதிஞ்சதை அப்பிடியே வைச்சிருக்கிறது) 14 பிட் எண்டா ஒரு நிறத்துக்கு 16,384 வெளிச்சப் படி, ஜேபெக்கில (சுருக்கிச் சேமிக்கிற வழமையான படம்) வெறும் 256, அதால ரோவில ஷாடோவை, அதாவது இருட்டான இடத்தை, தூக்கத் தூக்க ஐயான்ர நெத்திச் சுருக்கமும் காதில சொருகின பீடியும் வடிவா வெளிய வந்திச்சு. (ஜேபெக்கில எடுத்த ரெண்டும் புள்ளி புள்ளியாப் போட்டுது, என்ர பிழைதான்.) ஆனா எரிஞ்ச வானம் எரிஞ்சதுதான், ஹைலைட்டை, அதாவது வெளிச்சமான இடத்தை, எவ்வளவு குறைச்சாலும் சாம்பல் பூசின மாதிரித்தான் நிக்குது.

திரும்பப் போறதெண்டா விடிய அஞ்சுக்கே கிளிநொச்சியில இருந்து வெளிக்கிடோணும், பெற்றோல் காசு, ஐயா அண்டைக்கு வருவாரோ தெரியாது. ஆனா காலமை வெயில் சரிவா விழும், உச்சி வெயில் மாதிரிக் கண்ணுக்குக் கீழ நிழல் குழி விழாது, வானமும் முகமும் ஒரே எக்ஸ்போஷருக்குள்ள (கமராவுக்குள்ள விடுற வெளிச்ச அளவு) அடங்க இடமிருக்கு.

எனக்கெண்டா திரும்பப் போறதுதான் சரி. முகம் மட்டும் இருட்டான நாலை வீட்டில திருத்திறன், வானம் போன மூண்டுக்கும் சனிக்கிழமை குளக்கட்டுக்குப் போறன். பழைய படங்களை அழிக்கேல்லை, புதுசுக்குப் பக்கத்தில ஒட்டி, சேர் சொன்னதையும் கீழ எழுதித்தான் குடுக்கப்போறன்.