மறதி: யார் சொல்வதை நம்புவது?

"வயசானா மறதி வரத்தான் செய்யும்" என்று சொல்லி முடித்துவிடுகிறோம். அது வெறும் மறதியா, நினைவும் சிந்திக்கும் திறனும் மெல்லக் குறையும் டிமென்ஷியாவின் தொடக்கமா என்று பார்க்க மூன்று வழிகள் உண்டு: பெரியவர் தாமே சொல்லும் குறை, கூட இருப்பவர்கள் சொல்வது, மருத்துவமனையில் வைக்கும் சோதனை. மூன்றுக்கும் ஒரே எடை கிடையாது.

முதலில் பெரியவரின் சொல். "பேர் நாக்கு நுனியில நிக்குது, வரமாட்டேங்குது" என்று அலுத்துக்கொள்பவர்களில் பெரும்பாலோருக்கு டிமென்ஷியா வருவதில்லை. 2014-இல் வந்த ஒரு தொகுப்பாய்வின்படி, இப்படிச் சொல்பவர்களில் ஆண்டுக்கு நூற்றுக்குச் சுமார் 2 பேருக்கு வருகிறது. சொல்லாதவர்களில் சுமார் 1. மனச்சோர்வு, பி12 குறைவு, தைராய்டு, தூக்க மாத்திரை என்று சரிசெய்யக்கூடிய காரணங்களும் பின்னால் இருக்கலாம். ரத்தப் பரிசோதனைக்கு இந்தப் புலம்பலே போதும். ஆனால் நோய் முற்றும்போது, மறக்கிறோம் என்பதே பலருக்குத் தெரியாமல் போகிறது. அப்போது "எனக்கென்ன, நல்லாத்தானே இருக்கேன்" என்பார்கள்.

சோதனைகளில் 1975-இல் வந்த எம்எம்எஸ்இ-யும் 2005-இல் வந்த மோகாவும் பிரபலம்; இரண்டுக்கும் 30 மதிப்பெண். நூறிலிருந்து ஏழு ஏழாகக் கழிக்கச் சொல்வார்கள்; மோகாவில் கடிகாரமும் வரையவேண்டும். பள்ளிக்கூடமே போகாத பாட்டி நோயில்லாமலே இதில் தோற்கலாம். ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் நோய் இருந்தும் தேறிவிடலாம். பன்னிரண்டு ஆண்டுகளோ அதற்குக் குறைவாகவோ படித்தவர்களுக்கு மோகாவில் ஒரு மதிப்பெண் கூட்டித் தருகிறார்கள். கையெழுத்து மட்டும் போடத் தெரிந்தவருக்கு அந்த ஒன்று எந்த மூலைக்கு?

என் ஓட்டு கூட இருப்பவருக்குத்தான். ஏடி8 என்ற எட்டுக் கேள்விப் பட்டியல் இப்படிப்பட்டவரிடமே கேட்கப்படுகிறது: பணக் கணக்கில் தடுமாற்றம், புதுக் கருவியைப் பழகமுடியாமை, சொன்னதையே சொல்வது, இவையெல்லாம் முன்பைவிட மாறியிருக்கின்றனவா? இரண்டுக்கு 'ஆமாம்' வந்தாலே டாக்டரைப் பார்க்கவேண்டும். பெரியவரை முன்பிருந்த அவரோடுதான் ஒப்பிடுகிறோம். படிப்பு குறுக்கே வருவது குறைவு. சென்னையிலும் வேலூரிலும் நடந்த, 10/66 என்ற டிமென்ஷியா ஆய்விலும் பெரியவருக்குச் சோதனை வைத்ததோடு நிற்காமல், அவரை நன்கு அறிந்தவரிடமும் விசாரித்தார்கள். சீட்டுக் கணக்கை மனதிலேயே வைத்திருந்த அம்மா, கட்டிய தவணையைக் கட்டியாச்சா என்று ஒரே காலையில் மூன்று தரம் கேட்டால், எந்த மதிப்பெண்ணையும்விட அது பெரிய தகவல்.

ஆனால் கூட இருப்பவர் யார் என்பது முக்கியம். வெளியூர் மகனிடம் போனில் பத்து நிமிடம் கோவையாகவே பேசிவிடுவார்கள். "அம்மா நல்லாத்தான் இருக்காங்க" என்று அவரும் அடித்துச் சொல்வார். தினமும் கூடவே சமைக்கும் மருமகளுக்குத்தான் உப்பு இரண்டு தரம் விழுவது தெரியும். அவர் சொல்வதைக் குறை கூறுவதாக எடுத்துக்கொண்டு வாயடைப்பது பல வீடுகளில் நடக்கிறது. அதனால் சிகிச்சை தாமதமாகிறது.

பெரியவரை டாக்டரிடம் கூட்டிப் போகும்போது, தினமும் கூட இருப்பவரையும் அழைத்துப் போங்கள். என்ன மாறியது, எப்போதிலிருந்து என்று தேதியோடு எழுதிக்கொள்ளுங்கள். சாப்பிடும் மாத்திரைகளையும் கையோடு எடுத்துப் போங்கள். பெரியவரை எதிரில் வைத்துக்கொண்டு இதையெல்லாம் சொல்ல யாருக்கும் வாய் வராது, அவருக்கும் வலிக்கும். அதனால் டாக்டரிடம் ஐந்து நிமிடம் தனியாகப் பேச முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள்.