காலையில் ஒரு மூலை இறங்கியிருந்த வண்டி: பழைய எஸ்யூவியின் ஏர் சஸ்பென்ஷன்

போன வருஷம் ஐப்பசி மழையில் ஒரு நாள். காலை ஆறு மணிக்குப் பட்டறை கேட்டைத் திறந்தால், என் வண்டியின் முன் இடது மூலை டயர் மேல் இறங்கி உட்கார்ந்திருந்தது. டயருக்கும் ஃபெண்டருக்கும் நடுவில் இரண்டு விரல்கூட நுழையவில்லை. ஸ்டார்ட் செய்தேன். கம்ப்ரசர் ஓடும் சத்தம் கேட்டது, கொஞ்ச நேரத்தில் வண்டி எழுந்து சமமாக நின்றுவிட்டது. எழுந்துவிட்டதே என்று பலர் விட்டுவிடுவது இந்த இடத்தில்தான். அதனால்தான் இதை எழுதுகிறேன்.

வண்டி 2013 மாடல், ஏழு சீட், டீசல். 2021-இல் 84,000 கிலோமீட்டரில் வாங்கினேன். கம்பெனியிலேயே பொருத்தி வந்த ஏர் சஸ்பென்ஷன். எந்த மேக் என்று எழுதவில்லை. இந்த அமைப்புள்ள எந்த வண்டிக்கும் வயதானால் இதே கதைதான்.

கோயம்புத்தூர் கணபதியில் சின்ன பட்டறை வைத்திருக்கிறேன், பம்ப்செட் உதிரி பாகம் கடைகிறோம். பட்டறையில் ஏர் லைன் இருக்கிறது: கம்ப்ரசர், காற்றின் ஈரத்தை எடுக்கும் டிரையர், டேங்க், மின்சாரத்தில் திறந்து மூடும் சோலினாய்டு வால்வு, நைலான் குழாய். வண்டிக்கு அடியிலும் இருப்பது இதே சாமான்கள்தான், அளவு மட்டும் சிறியது. ஸ்டீல் ஸ்பிரிங் இருக்க வேண்டிய இடத்தில் ரப்பர் பெல்லோ, அதாவது காற்று நிரப்பிய மடிப்புப் பை. சக்கரத்துப் பக்கம் கை நீட்டியதுபோல, வண்டியின் உயரத்தை அளக்கும் ஒரு ஹைட் சென்சார். அது சொல்வதைக் கேட்டு கன்ட்ரோல் யூனிட் வால்வைத் திறக்கிறது, மூடுகிறது. என் பட்டறை லைன் 7 பார் அழுத்தத்தில் ஓடும். இந்த வண்டிகளின் டேங்கில் அழுத்தம் பெரும்பாலும் 15 பாரைத் தாண்டும். பெல்லோவில் ஊசிமுனை ஓட்டை இருந்தாலே ராத்திரிக்குள் ஒரு மூலை காலி.

இது புது வித்தையும் இல்லை. ரேஞ்ச் ரோவரில் 1992-லேயே வந்துவிட்டது. வால்வோ பஸ் நிற்கும்போது 'டுஸ்' என்று காற்று விடுவதைக் கேட்டிருப்பீர்கள். சென்னையில் 2024-இல் விட்ட தாழ்தளப் பேருந்துகள் ஸ்டாப்பில் ஒரு பக்கம் இறங்கிக் கொடுப்பதும் பெல்லோவில் இருந்து காற்றை விட்டுத்தான்.

ஓட்ட எப்படி இருக்கிறது? ஆழியாறிலிருந்து வால்பாறைக்கு 40 கொண்டை ஊசி வளைவு. ஏழு பேர், பின்னால் அரிசி மூட்டையோடு ஏறினேன். பின்பக்கம் தொங்கவில்லை, ஹெட்லைட் வானத்தைப் பார்க்கவில்லை. காரணம் இருக்கிறது. சாதாரண ஸ்டீல் ஸ்பிரிங்கின் விறைப்பு மாறாது; பாரம் ஏறினால் அமுங்கும், ஆட்டமும் மந்தமாகும். ஏர் சஸ்பென்ஷனில் பாரம் ஏறினால், உயரத்தைக் காக்க அழுத்தம் ஏறுகிறது, விறைப்பும் கூடவே ஏறுகிறது. அதனால் தனியாகப் போனாலும் குடும்பத்தோடு போனாலும் வண்டி ஆடும் விதம் ஏறக்குறைய ஒன்றுதான். அன்றைக்கு அம்மாவுக்கு வாந்தி வரவில்லை. எங்கள் வீட்டில் அது பெரிய விஷயம்.

அம்மாவுக்கு இரண்டு முழங்காலும் வலி. பட்டனை அமுக்கினால் வண்டி தாழ்ந்து கொடுக்கிறது. முதல் தடவை அவர் யார் கையையும் பிடிக்காமல் ஏறி உட்கார்ந்து, "இப்ப ஏத்துடா" என்றார். இந்த ஒன்றுக்காகவே நான் சஸ்பென்ஷனை விடமாட்டேன்.

குறையும் சொல்கிறேன். 20 இஞ்ச் வீல், பக்கச்சுவர் உயரம் குறைந்த டயர். மெதுவாகப் போகும்போது கூர்மையான குழியில் விழுந்தால் 'தட்' என்று முதுகில் தெரியும். காற்று அதைச் சரிசெய்யாது. ஷாக் அப்சார்பரும் தனியாகத் தேயும்.

இப்போது அந்த மூலைக்கு வருகிறேன். முதலில் போன கடையில் மெக்கானிக் பையன் ஸ்கேனரைப் போட்டுப் பார்த்துவிட்டு, "கம்ப்ரசர் வீக்குங்ணா, மாத்திரலாம்" என்றான். பட்டறையில் வாரம் ஒரு தடவை கேட்கும் பேச்சு இது. "தம்பி, மொதல்ல லீக் எங்கன்னு பாப்பம்" என்று, வண்டியை ஆஃப்ரோடு உயரத்துக்கு ஏற்றச் சொன்னேன். அப்படி ஏற்றினால் பெல்லோவின் மடிப்பு விரியும். ஸ்டாண்டு கொடுத்து, சக்கரத்தைக் கழற்றி, தூசு உறையைக் கீழே இழுத்துவிட்டு, ஷாம்பூ பாக்கெட்டைக் கரைத்து பிரஷ்ஷால் தடவினோம். டார்ச் வெளிச்சத்தில் முதலில் ஒன்றும் இல்லை. அரை நிமிஷம் கழித்து, மடிப்பின் ஓரத்தில், கடுகு அளவுக் குமிழிகள் ஒன்றின் மேல் ஒன்றாக ஏறி வெள்ளையாக நுரைத்தன. ரப்பரில் தலைமுடி மாதிரி வெடிப்பு, அரை இஞ்ச் நீளம்.

கம்ப்ரசரும் பலவீனமாகத்தான் இருந்தது, பையன் சொன்னது பொய் இல்லை. ஆனால் அதைப் பலவீனமாக்கியது இந்த வெடிப்பு. ஒழுகும் காற்றை ஈடுகட்ட ஓடி ஓடி பிஸ்டன் ரிங் தேய்ந்துவிட்டது. இன்னொன்றை யாரும் சொல்வதில்லை. பல வண்டிகளில், இறங்கும்போது வெளியேறும் உலர்ந்த காற்று டிரையர் வழியாகத்தான் திரும்பிப் போகிறது. உள்ளே உறிஞ்சிய ஈரத்தையும் எடுத்துக்கொண்டு போகும். காற்று வெடிப்பு வழியாகவே போய்விட்டால் டிரையர் காய வழியே இல்லை. பிறகு ஈரம் வால்வு பிளாக்குக்கு, அதாவது வால்வுகள் எல்லாம் சேர்ந்திருக்கும் கட்டைக்குப் போகும். வெடிப்பை விட்டுவிட்டுப் புது கம்ப்ரசர் போட்டிருந்தால் அதுவும் இதே வழியில்தான் போயிருக்கும்.

கம்பெனி ஸ்ட்ரட் (பெல்லோவும் ஷாக் அப்சார்பரும் ஒன்றாகச் சேர்ந்த பாகம்) ஒரு பக்கத்துக்கே லட்சத்துக்கு மேல் சொன்னார்கள். பெல்லோவை மட்டும் புதிதாக மாற்றிய ஸ்ட்ரட் அதில் மூன்றில் ஒரு பங்குக்குக் கிடைத்தது. முன்பக்கம் இரண்டையும் மாற்றினேன். ஒரே வயது ரப்பர், வலதும் பின்னாலேயே வரும். கம்ப்ரசருக்கு ரிங் கிட், டிரையருக்கு ஈரம் உறிஞ்சும் புது மணிகள், கம்ப்ரசருக்குக் கரண்டை விட்டு நிறுத்தும் புது ரிலே. ரிலேயை மறக்காதீர்கள். பழைய ரிலே ஒட்டிக்கொண்டால் கம்ப்ரசர் நிற்காமல் ஓடிக் கருகும்.

"எல்லாத்தையும் கழட்டிட்டு காயில் ஸ்பிரிங் போட்டுருங்க" என்று நண்பர்கள் மூன்று பேர் சொன்னார்கள். செலவு குறையும்தான். ஆனால் உயரம் மாற்றுவதும் போகும், பாரத்துக்குத் தக்கபடி சமன் செய்வதும் போகும், டேஷ்போர்டில் எச்சரிக்கை விளக்கை அடக்கத் தனி வேலை. பணம் கொடுத்து வாங்கியதே அந்த அமைப்புக்காகத்தானே.

இப்படி ஒரு வண்டி வாங்கப் போகிறீர்களா? முந்தின நாள் சாயங்காலம் போங்கள். நான்கு சக்கரத்திலும் நடுவிலிருந்து ஃபெண்டர் விளிம்பு வரை டேப் வைத்து அளந்து எழுதிக்கொள்ளுங்கள். மறுநாள் காலை, யாரும் ஸ்டார்ட் செய்வதற்கு முன்னால், மறுபடி அளங்கள். ஒரு மூலை மட்டும் இறங்கியிருந்தால் பெல்லோ அல்லது அதன் குழாய். ஒரே பக்கம் இரண்டும் சேர்ந்து இறங்கியிருந்தால் வால்வு பிளாக்கையும் பாருங்கள். விற்பவர் சாவியை முந்தியே போட்டு, "சூடு பண்ணி வச்சிருக்கேன் சார்" என்று வண்டியை எழுப்பி வைத்திருந்தால், அந்த வண்டிக்கு இன்னொரு காலை போங்கள்.

பங்க்சர் கடையில் ஜாக்கி போடும் முன், உயரம் திருத்துவதை நிறுத்தி வைக்கும் ஜாக் மோடை ஆன் செய்யுங்கள். இல்லாவிட்டால் சஸ்பென்ஷன் தன்பாட்டுக்கு உயரத்தைத் திருத்தப் பார்க்கும். ஸ்டாண்டு இல்லாமல் யாரையும் அடியில் விடாதீர்கள். காற்று போய்விட்டால் வண்டி தலைமேல் இறங்கும்.

மாற்றி ஒன்பது மாதம் ஆகிறது. பதினான்கு மணி நேரம் நின்ற வண்டியை இன்று காலை அளந்தேன்: முன் இடது 46.5 சென்டிமீட்டர், முன் வலது 46.5, பின்பக்கம் இரண்டும் 47. நேற்று சாயங்காலம் எழுதி வைத்த அளவும் இதேதான்.