ரிமோட் மட்டும் போதுமா, ஹப்பும் வேண்டுமா?

டிவி, ஏவி ரிசீவர் (ஸ்பீக்கர்களை இயக்கும் பெட்டி), செட்டாப் பாக்ஸ், ஃபயர் டிவி ஸ்டிக். நாலுக்கும் நாலு ரிமோட். ஒன்றாகச் சுருக்க இரண்டு வழி உண்டு.

முதலாவது, லேர்னிங் வகை அகச்சிவப்பு ரிமோட். பழைய ரிமோட்டை நேருக்கு நேர் வைத்து பட்டனை அழுத்தினால் சிக்னலைக் கற்றுக்கொள்ளும். விலை குறைவு, ஆப், வைஃபை எதுவும் வேண்டாம். ஆனால் ஃபயர் ஸ்டிக் புளூடூத் ஆசாமி, அதனிடம் இதன் பாச்சா பலிக்காது. அப்புறம் மேக்ரோ தொல்லை. ஒரு பட்டனுக்கு வரிசையாக நாலு சிக்னல் போகும். அதற்குள் கையைத் திருப்பினால் ரிசீவர் மட்டும் எழாது. பவர் பட்டன் ஆனுக்கும் ஆஃபுக்கும் ஒன்றே என்பதால், மறுபடி அழுத்தினால் ரிசீவர் ஆன், டிவி ஆஃப்! எங்கள் வீட்டில் தினமும் இந்தக் கண்ணாமூச்சிதான்.

இரண்டாவது, ஹப் வகை. சோஃபாபேட்டன் எக்ஸ்1 போன்ற இந்த வகையில், சிக்னலை அனுப்புவது டிவி பக்கத்தில் இருக்கும் பெட்டி. ரிமோட் தலையணைக்கு அடியில் கிடந்தாலும் வேலை நடக்கும். புளூடூத்தும் உண்டு. அமைத்து முடிக்க ஒரு ஞாயிறு மதியம் போய்விடும், அது வேறு. இந்த வகையில் பேர்போன லாஜிடெக் ஹார்மனியின் தயாரிப்பை 2021-இல் நிறுத்திவிட்டார்கள். பழையது கிடைத்தாலும் வாங்க எனக்கு மனசு வரவில்லை.

டிவியும் செட்டாப் பாக்ஸும் மட்டும் என்றால் முதல் வகையே தாராளம். ரிசீவர் இருந்தால், ஹப்.